சராசரி ஆள்

மூடியை இழுத்துக் கைப்பிடியைத் திருகியதும், பத்தரை மணி வெயிலும் கிரேன் இரைச்சலும் கேன்டீன் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த வெங்காயம் வதங்கும் வாசனையும் ஒருசேர அறுந்துபோயின. எத்திராஜ் இருக்கையில் உடம்பைச் சரித்துக்கொண்டு, காதுக்கருவியை அழுத்திவிட்டு, மூடியாச்சு மேடம் என்றார். வெளியே டாங்கிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த நஸ்ரின், சரி சார், பத்து முப்பத்திரண்டு, எழுதிக்கிறேன் என்றாள். சோதனைப் பிரிவுக்கு அவள்தான் அதிகாரி, வயது முப்பது இருக்கும். இனி அரைமணி நேரத்துக்கு அவருக்கும் உலகத்துக்கும் பேச்சு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஒரே ஒரு எண். ஊதுவிசிறி ஓடத் தொடங்கியது. வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளித் தள்ளி, உள்ளழுத்தம் வெளியைவிடக் கூடுதலாக நிற்க வேண்டும். அப்போதுதான் சண்டையில் விஷப்புகையும் தூசியும் இடுக்கு வழியாக நுழையாது. சோதனைக்கென்று மாட்டியிருந்த அழுத்தமானியின் முள் முப்பதுக்குக் கீழே இறங்காமல் அரைமணி நேரம் நின்றால் வண்டி தேறியது. அதை உள்ளே இருந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். டிரைவர் எத்திராஜைவிடத் தோதான ஆள் இந்தத் தொழிற்சாலையில் கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள், சொல்லிவிட்டு அவரவர் விசிறிக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். காது இலேசாக அடைத்தது. எச்சில் விழுங்கினார், திறந்தது. இது ஒன்றுமில்லை, உட்கார்ந்திருப்பதில் என்ன இருக்கிறது. இதற்கப்புறம் ஒன்று இருக்கிறதே, அதை நினைக்க வேண்டாம் என்று நினைத்தார். நினைக்க வேண்டாம் என்று நினைத்ததே அதைப் பற்றித்தான்.

முப்பத்தெட்டு என்றார். முப்பத்தெட்டு, என்று நஸ்ரின் திருப்பிச் சொன்னாள். நல்ல ஆரம்பம். முப்பத்தைந்து வயசு வண்டிக்கு முப்பத்தெட்டு நிற்கிறது. ஏழு மாதத்துக்கு முன்னால் பாலைவனத்திலிருந்து இது சரக்கு ரயிலில் வந்து இறங்கியபோது எலி புகுந்து போகிற அளவுக்கு இடுக்கு இருந்தது. வயிற்றுத் தகட்டைக் கழற்றினால் ஒரு கூடை மணல், அதற்குள் ஒரு தீப்பெட்டி, சட்டைப் பொத்தான் இரண்டு. எல்லாவற்றையும் உரித்து எடுத்தார்கள். இரும்புக் கூடு மட்டும் மிச்சம். அதற்குள் புது இன்ஜின், இருட்டில் பார்க்கிற புதுக் கண்ணாடி, தீப்பிடித்தால் தானாகவே அணைக்கிற குப்பிகள், டிரைவருக்கு முன்னால் இருந்த எட்டு முள் கடிகாரங்களுக்குப் பதிலாக வலது பக்கத்தில் ஒரே ஒரு திரை. முதன்மைப் போர் டாங்கி நவீனமயத் திட்டம் என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள். புதுப் பெயின்ட் வாசனையும் புது ரப்பர் வாசனையும் மூக்கைத் துளைத்தாலும் அடியில் பழைய டீசல் வாசனை போகாமல் கிடந்தது, அது மட்டும் எத்திராஜுக்குப் பிடித்திருந்தது. திரையைத் தாங்குகிற பிராக்கெட் அவருடைய வலது விலாவுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கத்தில் புது பேட்டரிப் பெட்டி. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் இடம். மூச்சு இழுத்தால் பிராக்கெட்டின் விளிம்பு சட்டையைத் தொட்டது. மூச்சை விட்டால் விலகியது. தொட்டது, விலகியது. எத்திராஜ் மூச்சு விடுவதைக் கவனிப்பதை நிறுத்தப் பார்த்தார். கவனிக்க ஆரம்பித்த மூச்சு அத்தனை சுலபமாக விடுமா.

அந்த இடைவெளிதான் இரண்டாவது சோதனை. பீரங்கிக் குழாய் நேராக முன்னால் நிற்கும்போது அது டிரைவரின் மூடிக்கு மேலேயே வந்துவிடும், மூடி திறக்காது. அப்போது டிரைவர் இருக்கையைச் சாய்த்து, உடம்பைத் திருப்பி, பிராக்கெட்டுக்கும் பேட்டரிப் பெட்டிக்கும் நடுவே பின்னால் நுழைந்து, பீரங்கி இருக்கிற சுழலும் மேல்பகுதிக்குள் ஏறி, அங்கே கமாண்டரின் மூடி வழியாக வெளியே வர வேண்டும். நாற்பது விநாடி. இந்தத் திட்டத்தில் இதுவரை பதினெட்டு வண்டிகள் போய்விட்டன, பதினெட்டிலும் எத்திராஜ் நாற்பதுக்குள் வந்திருக்கிறார், பதினெட்டுத் தாளிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. இது பத்தொன்பது. இது தேறிவிட்டால் வரைபடத்தை இறுதி என்று முத்திரை போட்டுப் பூட்டிவிடுவார்கள், மிச்சமிருக்கிற முந்நூறு வண்டியும் அப்படியே அச்சு மாறாமல் வரும். அதனால்தான் இன்றைக்குக் கிருபாநிதி நேரில் வந்து நிற்கிறார். உள்ளறையை வரைந்தவர் அவர்தான், அப்போது வரைபடப் பிரிவில் சின்ன வேலை, இப்போது கண்ணாடி அறை, இரண்டு தொலைபேசி. முன்பெல்லாம் எத்திராஜை அண்ணே என்பார். இப்போது எத்திராஜ் அவரை சார் என்கிறார், அவர் எத்திராஜை எத்திராஜ் என்கிறார். யார் எப்போது மாற்றிக்கொண்டது என்று இருவருக்குமே ஞாபகமில்லை. காலையில் தோளைத் தட்டி, என்ன எத்திராஜ், முப்பது செகண்ட்ல வந்து காட்டுங்க என்று சிரித்தார். சிரித்தபோது எத்திராஜும் சிரித்தார், வேறென்ன செய்வார்.

முப்பத்தேழு. முப்பத்தேழு, எழுதியாச்சு. ஒன்று குறைந்தது, அது சகஜம். முதல் வண்டியில் மாட்டிக்கொண்டபோது யாருக்கும் தெரியாது. ஒத்திகை பார்க்கத் தனியாக ஏறியிருந்தார், மதியச் சாப்பாட்டு நேரம். பாதி போய் நின்றுவிட்டது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. விலா எலும்பில் பிராக்கெட், இடுப்பில் பெட்டி. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். பயத்தைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. நாற்பத்து நாலு வயசில் முப்பத்திரண்டு இடுப்போடு சிட்டாகப் பறந்த ஆள், இன்றைக்கு வயசு ஐம்பத்தாறு, இடுப்பு முப்பத்தெட்டு, குற்றம் யார்மேல் சொல்வது. ஒரு வழியாகப் பின்னால் நழுவி வந்து, வெளியே யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டார். அன்று ராத்திரி தட்டில் மூன்றாவது இட்லியைத் தள்ளி வைத்தார். மனைவி அலமேலு தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கால்சட்டைப் பொத்தானை இரண்டு தடவை இடம் மாற்றித் தைத்தவள் அவள், அவளிடம் எதை மறைப்பது. ஏன், டேங்க்கு உங்கள வேணாம்னுடுச்சா என்று கேட்டாள். கேலிக்குத்தான் கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து குடியிருப்பைச் சுற்றி நாலு ரவுண்டு நடந்தார், தேங்காய்ச் சட்னியை விட்டார், ஒரு கிலோ குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை கிலோ திரும்பி வந்தது. வண்டி காத்திருக்குமா? முதல் மூன்றிலும் தோல் உரிய நாற்பதுக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தவர், நாலாவது வண்டி வருவதற்குள் வேறு வழி கண்டுபிடித்திருந்தார். உள்ளே இருக்கிற மூச்சு முழுவதையும் வெளியே ஊதித் தள்ளிவிட வேண்டும். வயிற்றை முதுகெலும்போடு ஒட்டுகிற மாதிரி எக்க வேண்டும். எக்கியபடியே இடது தோளை முதலில் கீழே விட்டு, பிறகு இடுப்பை ஒரு திருப்பு. அடுத்த மூச்சு கமாண்டர் மூடிக்கு அடியில் போய்த்தான். முப்பத்தொரு விநாடி. நஸ்ரின் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எப்படி சார் இந்த வயசுல, என்றாள். அன்றைக்குப் போன வெட்கம் திரும்பி வரவே இல்லை. வெட்கம் போன இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது. சொல்லப்போனால் அவருக்கு அந்த இடைவெளிமேல் ஒரு பிரியமே வந்துவிட்டது, தன்னால் மட்டும் முடிகிற காரியத்தின்மேல் யாருக்குத்தான் வராது.

குறை எதில், பிராக்கெட்டா, வயிறா. வியர்வை காதுக்கருவிக்குள் இறங்கியது. பிராக்கெட் என்று சொன்னால் வயிறு என்பார்கள். வருடாந்தர மருத்துவ சோதனை அடுத்த மாதம், முன்கூட்டியே கூப்பிட்டு எடை பார்ப்பார்கள், டாக்டர் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான், ஓட்டுவதற்குத் தகுதியில்லை என்று ஒரு வரி. பக்தவத்சலத்துக்கு அப்படித்தான் ஆனது. எத்திராஜோடு ஒரே நாளில் சேர்ந்தவர், மேட்டில் ஏற்றி நிறுத்துவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. கண்ணில் ஏதோ கோளாறு என்று வாசலில் கேட் பாஸ் எழுத உட்கார வைத்தார்கள். ஒரு வருஷத்தில் ஆளே சுருங்கிப்போனார். வண்டிகள் சோதனைத் தடத்துக்குப் போகும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார், கடைசி வண்டி போய்த் தூசி அடங்கினபிறகு உட்காருவார். அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எத்திராஜ் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஓய்வுக்கு இன்னும் மூன்றரை வருஷம் இருக்கிறது. அந்த மூன்றரை வருஷத்தையும் ஓட்டிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்குப் பெரிதாக ஆசை ஒன்றும் கிடையாது. நாற்பது டன்னுக்கு மேல் இரும்பு, அது காலுக்கடியில் சொன்ன பேச்சைக் கேட்கிறது. தடத்தின் கடைசித் திருப்பத்தில் இடது நெம்புகோலை இழுத்ததும் முன்பக்கம் இலேசாகத் தாழ்ந்து, பின்பக்கம் அப்படியே சுற்றி வரும், அந்த ஒரு கணம் அடிவயிற்றில் கூசும். கல்யாணமான புதிதில் அலமேலுவிடம் இதைச் சொல்லி விளங்கவைக்கப் பார்த்து, அவள் சிரித்த சிரிப்பில் விட்டுவிட்டார். முப்பத்தேழு மேடம். அப்படியே நிக்குது சார், சூப்பர்.

பிராக்கெட்டா, வயிறா என்ற கேள்விக்குப் போன வாரம் வரைக்கும் பதில் இருந்தது. வயிறு. வயிறு என்றால் அது எத்திராஜின் பாடு, அவருக்கும் அலமேலுவுக்கும் இட்லிக்கும் நடுவில் தீர்த்துக்கொள்ள வேண்டியது. போன வாரம் பதினெட்டாவது வண்டியை எடுத்துப்போகப் படையிலிருந்து ஹவில்தார் பலவேசம் வந்தார். திருநெல்வேலிப் பக்கம், முப்பத்தைந்து வயசிருக்கும், ஆள் நெடுநெடுவென்று, வயிறு என்று ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். நெஞ்சு மட்டும் கதவு அகலம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார், திரையைப் போட்டுப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி மகிழ்ந்தார், பிறகு பீரங்கியை நேராக வைத்துக்கொண்டு பின்வழியாக வந்து பார்க்கிறேன் என்று இறங்கினார். வரவில்லை. எத்திராஜ் மேலிருந்து குனிந்து, மூச்சை விடுங்க, வயிற்றை எக்குங்க, இடது தோளை முதலில் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாவது முறையும் வரவில்லை. மூன்றாவது முறை தலைக்கவசத்தையும் மேல்சட்டையையும் கழற்றி வீசிவிட்டு, முழங்கைத் தோல் உரிய வந்து சேர்ந்தார். அப்போதுதான் எத்திராஜுக்குள் ஏதோ நழுவியது. வயிறு இல்லாதவனை எதை எக்கச் சொல்வது. வயிற்றை எக்கலாம், நெஞ்செலும்பை எக்க முடியுமா. பலவேசம் முழங்கையை நக்கிக்கொண்டே சிரித்தார். "ஒங்களுக்குப் பழக்கம் அண்ணாச்சி, வந்துருதீக. நாங்க மேல ஜாக்கெட்டு வேற மாட்டிட்டுல்லா இருப்போம்" என்றார். எத்திராஜ் வாயைத் திறப்பதற்குள் அவரே, சரி, பழகிருவோம் என்று முடித்துவிட்டு, சாயங்கால ரயிலில் ஏற்ற வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். படைக்காரர்கள் குறை சொல்ல மாட்டார்கள். கொடுத்ததில் பழகிக்கொள்வார்கள். அதுதான் எத்திராஜை ஒரு வாரமாகத் தின்கிறது.

முப்பத்தாறு. முள் இலேசாக நடுங்கியது, நின்றது. விசிறியின் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது, கேட்டுப் பார்த்தார், ஒன்றுமில்லை. பின்கழுத்தில் சூடு. இருபது வருஷமாகியும் பின்கழுத்துச் சூட்டுக்கு மட்டும் பழகவில்லை. வண்டி தீப்பிடித்த அன்றைக்கும் இப்படித்தான் பின்கழுத்தில் தொடங்கியது. தடத்தில் நாலாவது சுற்று. எண்ணெய்க் குழாய் பிளந்திருக்கிறது, அவருக்குத் தெரியாது. முதலில் சூடு, வெயில் என்று நினைத்தார், அப்புறம் ஒரு இனிப்பான கசந்த வாடை, அப்புறம் புகை, அவ்வளவும் இரண்டு மூச்சுக்குள். நல்லவேளை பீரங்கிக் குழாய் பக்கவாட்டில் திரும்பியிருந்தது, தலைக்கு மேலே மூடி திறந்தது. திறந்தது என்பதே பிறகு யாரோ சொல்லித்தான் தெரியும். அவருக்கு ஞாபகம் இருப்பது மண்ணில் கவிழ்ந்து கிடந்ததும், ஒரு காலில் செருப்பு இல்லாததும், வாயைத் திறந்து திறந்து காற்றை விழுங்கியதும்தான். இருமல். இருமி இருமி வயிறு துருத்தி போல் ஏறி இறங்கியது. அதை ஏன் இத்தனை நாளாக யோசிக்கவில்லை? புகைக்குள் இருக்கிறவன் மூச்சை வெளியே விடுவானா, பிடித்து வைத்துக்கொள்வானா. பிடித்துத்தான் வைப்பான். நெஞ்சு முழுக்க நிரப்பிப் பிடித்து வைத்துக்கொண்டு வருகிறவன் அந்த இடைவெளிக்குள் தலையை விட்டால் எந்த இடத்தில் நிற்பான் என்று எத்திராஜுக்குத் துல்லியமாகத் தெரியும், அந்த இடத்தில் அவர் ஒரு மதியம் நின்றிருக்கிறார். அவருக்குப் புகை இல்லை. சாப்பாட்டு நேரம், அவசரமில்லை. பலவேசத்தின் நெஞ்சு கண்முன் வந்தது. அதைத் தள்ளினார். போகவில்லை.

அப்படியானால் பிராக்கெட். பிராக்கெட் என்றால் கிருபாநிதியின் தப்பு, இரண்டு அங்குலம் தள்ளி வைத்திருக்க வேண்டும், அளவு தெரியாமல் வரைந்துவிட்டார். இங்கே வந்ததும் எத்திராஜின் யோசனை ஒவ்வொரு முறையும் பின்வாங்கும், மாடு பழகாத பாலத்தில் கால் வைக்காமல் நிற்குமே அப்படி. ஒரு வாரமாக இந்த இடம் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். இன்றைக்குத் திரும்ப இடமில்லை, வலது பக்கம் பிராக்கெட், இடது பக்கம் பெட்டி. அளவு தெரியாமல் வரையவில்லை. அளவு எடுத்துத்தான் வரைந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வரைபடக் கூடத்தில், நடு மத்தியானம். உள்ளறையை மாற்றியமைக்க ஓர் ஆளின் அளவு வேண்டும், புத்தகத்து அளவெல்லாம் வெளிநாட்டு ஆளுக்கு, நம் ஆளுக்கு நீங்கதான் அண்ணே சரியான சராசரி என்று கிருபாநிதி ஓடி வந்து கூட்டிப்போனார். எத்திராஜுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, நாட்டுக்கே நான்தான் சராசரி தெரியுமா என்று அலமேலுவிடம் சொன்னார், அவள் அதை நாலு வீட்டில் சொல்லிச் சிரித்தாள். பனியனோடு நிற்க வைத்தார்கள். தோளுக்குத் தோள், முழங்கைக்கு முழங்கை, உட்கார்ந்து ஒரு அளவு, நின்று ஒரு அளவு. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் டேப்பைச் சுற்றும்போது, தேநீர் எடுத்துக்கொண்டு படியெடுக்கிற பிரிவுப் பெண்கள் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். அதில் ஒருத்தி வேடிக்கை பார்க்க நின்றாள். யாரென்றுகூட இப்போது நினைவில்லை. எத்திராஜ் மூச்சை வெளியே விட்டு, வயிற்றை எக்கிக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. உடம்பு தானாகவே செய்தது, போட்டோ எடுக்கும்போது எந்த ஆண்தான் செய்ய மாட்டான். டேப் சுற்றியது. முப்பத்தொண்ணு என்றார் கிருபாநிதி. நெஞ்சு முப்பத்தி மூணு. முப்பத்தொண்ணு என்று காதில் விழுந்தது தேன் மாதிரி இருந்தது, டேப் கழலும் வரை மூச்சு விடவில்லை.

அந்த அளவுக்குப் பிளைவுட்டில் ஓர் ஆளை அறுத்தார்கள். கை காலுக்கு போல்ட் போட்ட மூட்டு, வழவழவென்று பச்சைப் பெயின்ட். அதற்குப் பேரே சராசரி. சராசரியைத் தூக்கிட்டு வா, சராசரி முட்டி இடிக்குதா பாரு என்று தொழிற்சாலை முழுக்க ஒரே சராசரிதான். ஆயுத பூஜைக்கு வண்டிகளுக்கு வைக்கிற சந்தனத்தில் அதற்கும் ஒரு பொட்டு, எத்திராஜைப் பக்கத்தில் நிறுத்தி அண்ணன் தம்பி என்று போட்டோ வேறு. பிராக்கெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே அந்த ஆளை நுழைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருக்கிறது என்று கிருபாநிதி கோடு போட்டார். தாராளம்தான். மூச்சே விடாத ஆளுக்கு இடம் தாராளம்தான். மூச்சு விடாத ஆளுக்காக வரைந்த வழியில் மூச்சு விடுகிற ஆட்கள் பதினெட்டு வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள், இனி முந்நூறு. கிருபாநிதிக்குத் தெரியாது. நஸ்ரினுக்குத் தெரியாது. அலமேலுவுக்குக்கூடத் தெரியாது. உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் இந்தக் கூட்டுக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண் சொல்லிக்கொண்டிருக்கிறான். எத்திராஜுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. கூடவே, சொல்லத்தான் வேண்டுமா என்றும் இருந்தது. எக்கிக்கொண்டு போனால் முப்பத்தொரு விநாடி, கைதட்டு, டீ. மூன்றரை வருஷம் தடம், கடைசித் திருப்பம், அடிவயிற்றுக் கூச்சம். பலவேசத்தின் வண்டியில் தீயணைப்புக் குப்பி இருக்கிறது, தீப்பிடிக்காமலே போகலாம், எத்தனையோ வண்டி ஒரு தீயும் பார்க்காமல் முப்பத்தைந்து வருஷம் ஓடித் திரும்பி வந்திருக்கிறது. இப்படியும் நினைத்தார். நினைத்ததை இங்கே மறைப்பானேன்.

முப்பத்தாறு. கடைசி ரீடிங் சார், முப்பது நிமிஷம் ஆச்சு, பாஸ், என்றாள் நஸ்ரின். அவள் குரலில் சந்தோஷம் தெரிந்தது. இருக்கையைச் சாய்த்துக்கொள்ளச் சொன்னாள். மேலே சுழலும் பகுதி முனகிக்கொண்டு திரும்பி, பீரங்கிக் குழாய் நேராக வந்து நின்றது. தலைக்கு மேலே இருந்த மூடியின் ஓரத்தில் ஊசிமுனையளவு தெரிந்த வெளிச்சமும் போயிற்று. கமாண்டர் மூடியைத் திறந்தார்கள் போல, பின்னாலிருந்து வெயில் வாசனையும் யாரோ பேசுகிற சத்தமும் வந்தன. கிருபாநிதி யாரிடமோ, சராசரி கணக்கு ஒருநாளும் பொய்க்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரெடியா சார். எத்திராஜ் ரெடி என்றார். என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே அப்போதும் தெரியாது. ஸ்டார்ட் என்றதும் உடம்பு பழக்கத்தில் காலை மடக்கித் திரும்பியது, தலையை இடைவெளிக்குள் விட்டது, வாய் தானாகவே மூச்சை ஊதத் தொடங்கியது. பாதி ஊதியிருப்பார். அங்கே நிறுத்தினார். நிறுத்தி, திருப்பி இழுத்தார், நெஞ்சு முட்ட, புகைக்குள் இருக்கிறவன் இழுத்துப் பிடிப்பதைப் போல. இழுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார். வலது விலாவில் இரும்பு ஏறியது, இடுப்பில் பெட்டியின் மூலை. நின்றது. எந்த இடத்தில் நிற்கும் என்று நினைத்தாரோ அதே இடம்.

நஸ்ரின் இருபது என்றாள், பிறகு முப்பது. பிறகு காதில் கிருபாநிதியின் குரல் வந்தது. "என்ன எத்திராஜ், எப்பவும் போல வாங்க."

"எப்பவும் வயித்த எக்கிக்கிட்டு வருவேன் சார். இன்னிக்கு எக்கல."

அந்தப் பக்கம் சிரித்தார்கள். வெயிட்டு போட்டுட்டீங்க, அதான், நான் அப்பவே நெனச்சேன், என்றார் கிருபாநிதி. சராசரிக்கு ரெண்டு பக்கமும் இடம் இருக்கு, வரைபடத்திலேயே இருக்கு என்றார். அவர் கோபப்படவில்லை, அதுதான் சொல்வதை இன்னும் கஷ்டமாக்கியது. எத்திராஜ் கன்னத்தைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார். புதுப் பெயின்ட் கன்னத்தில் ஒட்டியது.

"அந்தச் சராசரியும் எக்கிக்கிட்டுதான் சார் நின்னான். நீங்க டேப்பு வச்சப்ப நான் வயித்த உள்ள இழுத்துட்டேன். கழட்டற வரைக்கும் மூச்சு விடல. உங்ககிட்ட சொல்லல. அது என் தப்பு."

 கிருபாநிதி மறுபடி பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது, இந்த முறை அண்ணே என்றார், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. "அண்ணே, பதினெட்டு வண்டி போயிடுச்சு. பதினெட்டுக்கும் நாப்பது செகண்டுக்குள்ள வந்தேன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"வந்தேன் சார். நான் வந்தேன். நான் மட்டும்தான் வருவேன். அந்தப் பதினெட்டையும் திருப்பிக் கூப்பிடுங்க."

 எத்திராஜுக்குக் கண் கரித்தது, வியர்வையா வேறா என்று பார்க்கக் கையை அசைக்க இடமில்லை. பக்தவத்சலத்தின் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுவார்கள் என்று தோன்றியது. போடட்டும் என்று தோன்றவில்லை, பொய் எதற்கு, வலித்தது, பெரிதாக வலித்தது. நஸ்ரின்தான் பேசினாள். நாப்பது தாண்டிடுச்சு சார், வாட்ச்சை நிறுத்தட்டுமா, பீரங்கியைத் திருப்பி மூடியைத் திறந்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டாள். 

"பீரங்கிய அசைக்காதீங்க மேடம். வாட்ச்சையும் நிறுத்தாதீங்க. நான் வெளிய வர எவ்ளோ நேரம் ஆவுதோ, அத எழுதுங்க."

முழங்கையைப் பெட்டியில் ஊன்றினார். மறுபடி மூச்சை நெஞ்சு முட்ட இழுத்துப் பிடித்தார். வயிறு அது பாட்டுக்கு இருந்தது, அதை அவர் ஒன்றும் செய்யவில்லை. பிராக்கெட்டில் சட்டை கிழிகிற சத்தம் கேட்டது, உடம்பு ஒரு விரற்கடை நகர்ந்து மறுபடி நின்றது.

நஸ்ரின், "தொண்ணூறு" என்றாள்.